மரைன் ஹில் வீட்டில் குளுக்கோஸ் பாட்டில்

1966 ஜூன் மாதம் ருக்கு மூன்றாவது முறையாக உண்டானாள். முதல் இரண்டும் நான்காம் மாதத்தைத் தாண்டவில்லை. அவளுக்கு வந்தது சாதாரண மசக்கை இல்லை. குடித்த தண்ணீர்கூட அடுத்த நிமிடம் வெளியே வந்துவிடும். இந்த முறை பத்தே நாளில் கன்னம் ஒட்டி, நாக்கு வறண்டு, நிற்க முடியாமல் போயிற்று. மரைன் டிபார்ட்மென்டில் ஃபிட்டராக இருந்த கணவன் குழந்தைவேலு ஜீப் பிடித்து ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தான்.

அங்கே நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். கொஞ்சம் தெம்பு வந்தது. ஆனால் வார்டின் பினாயில் வாடையும் சமையல்கட்டின் எண்ணெய் வாடையும் குடலைப் புரட்டின. ஏறியதைவிட வெளியே போனதே அதிகம். தீவிலிருந்து மெயின்லேண்டுக்கு அனுப்பலாமென்றால் கப்பலில் நான்கு நாள். அந்த ஆட்டத்தை உடம்பு தாங்காது. வங்காளி டாக்டர் குழந்தைவேலுவைத் தனியே அழைத்து, தாய் பிழைக்க வேண்டுமானால் கருவைக் கலைத்துவிடுவதே நல்லது என்றார்.

அது ருக்குவின் காதில் விழுந்துவிட்டது. கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள்.

"டாக்டர் சாப், யே பாட்டில் கர் மே நஹீ சலேகா?"

வீட்டில் வைத்து ஏற்ற முடியாதா என்று கேட்டாள். அங்கே கடல்காற்று உண்டு, ஒரு வாடையும் இல்லை. தினமும் யாராவது போய் ஊசி குத்த வேண்டுமே என்று டாக்டர் நர்ஸ் கிரேசியைப் பார்த்தார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரியான கிரேசி, ருக்குவின் வீட்டுக்கு அருகே டெலானிபூரில் குடியிருந்தாள்.

"டூட்டிக்கு முன்னாடி வந்து ஊசியை நான் குத்திருதேன். மத்ததெல்லாம் நீதான் பாக்கணும், கேட்டியா?" என்றாள் ருக்குவிடம்.

குழந்தைவேலு மரைன் ஹில் வீட்டின் மரச்சுவரில் பாட்டிலைத் தொங்கவிடக் கொக்கி அடித்தான். ரப்பர் குழாயையும் ஊசியையும் தினமும் கொதிக்க வைத்தான். தன் கைக்கடிகாரத்தை மனைவியிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போனான். நிமிடத்துக்கு நாற்பது சொட்டு. ருக்கு படுத்தபடியே எண்ணினாள். ஒருநாள் தனியாக இருக்கையில் ஊசி நரம்பை விட்டு நழுவி முழங்கை வீங்கியது. பதறாமல் கிளிப்பை மூடினாள். ஊசியைத் தானே உருவி, பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். மறுநாள் மற்றக் கையை நீட்டினாள்.

ஆகஸ்டில் கடல் கொந்தளித்துக் கப்பல் வரவில்லை. இனி இரண்டு நாளைக்கு ஒரு பாட்டில்தான் என்று சொல்ல வந்த கிரேசியால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"அப்ப நடுவுல வர்ற நாளைக்கு வாயாலதான் சிஸ்டர்," என்றாள் ருக்கு.

கால் மணிக்கு ஒரு ஸ்பூன் இளநீர். முதல் நாள் எல்லாமே வெளியே வந்தது. வாயைத் துடைத்துக்கொண்டு அடுத்த ஸ்பூனுக்குக் காத்திருந்தாள். ஐந்தாம் நாள் மூன்று ஸ்பூன் சேர்ந்தாற்போல் நின்றது. அன்று குழந்தைவேலு கொல்லைப்பக்கம் போய் அழுதான். ஒன்பது நாள் கழித்துக் கப்பல் வந்தபோது அவள் நீர்க்கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். பார்க்க வந்த டாக்டர், "ஜித்தி அவுரத்!" என்றார். பிடிவாதக்காரி!

பிப்ரவரியில் பெண் பிறந்தது. எடை குறைவு, குரல் பெரிது. சந்திரமதி என்று பெயர் வைத்தார்கள்.

நான்கு வருடம் கழித்து மின்னி பே குடியிருப்பில் கிரேசியின் நாத்தனார் அமுதம் இதே வாந்தியில் விழுந்தாள். ருக்கு மகளையும் கூட்டிக்கொண்டு போய்ப் பதினோரு நாள் அங்கேயே தங்கினாள். "என்னால ஆகாதுக்கா" என்று அமுதம் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டபோது, ருக்கு அவள் தோளைத் தொட்டு, கொக்கியில் தொங்கிய பாட்டில் பக்கம் திருப்பினாள்.

"குத்துறது சிஸ்டர் வேலை. எண்ணுறது உன் வேலை. எண்ணு."