சலீம் டொக்டர் மொங்கோலியாவில் சொன்ன ‘ஓம்’

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்திருக்கும் நேரம், சலீம் டொக்டரின் மகள் தொலைபேசியில் அழைத்தாள். “அங்கிள், வாப்பா மௌத்தாகிட்டாங்க.” நான் கண்டியில் இருந்தேன். பஸ் பிடித்து மருதமுனைக்கு வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. முற்றத்தில் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

அவரை மிருக வைத்தியராக அறிந்த உங்களில் பலருக்கு அவர் இரக்கமற்ற மனிதர். நோயில் கிடக்கும் மாட்டைப் பார்த்து, “இது தப்பாது. வீட்ட கொண்டு போங்க” என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். ஒரே பசுவை வைத்திருந்த தம்பிலுவில் ஊர்ப் பெண் ஒருத்தி அலுவலக வாசலில் நின்று அவரைச் சபித்தாள். அவர் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

முன்பு அவர் அப்படி இல்லை. பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன் கால்நடைப் பயிற்சி ஒன்றுக்காக இருவரும் மொங்கோலியாவுக்குப் போனோம். பாதையே இல்லாத புல்வெளியில் நாள் முழுக்க ஜீப் ஓடும். எங்கோ ஒரு வட்டமான கம்பளிக் கூடாரம் தெரியும். இறங்கினால், யாரென்று கேட்காமலே உள்ளே அழைத்து உட்கார வைப்பார்கள். யார் அறுத்தது என்று தெரியாத இறைச்சியை அவர் தொடவில்லை. உப்புப் போட்ட பால்தேநீரும் காய்ந்த தயிர்க்கட்டியும்தான் சாப்பாடு. ஆனாலும் சந்தோசமாக இருந்தார்.

“வேலி ஒண்டையும் காணல்ல, பாத்தீங்களா? நம்மட ஊரில இப்பிடி மேய்ச்சல் தரை கிடந்தா எவன் வயலுக்க மாட்ட விடுவான்?” என்றார்.

வடக்கே போகப் போக அந்தப் பேச்சு நின்றது. அப்போதுதான் முடிந்திருந்த குளிர்காலத்தில் புல்லின் மேல் பனி பாறையாக இறுகி, மந்தைகள் பட்டினியில் செத்திருந்தன. கூடாரங்களின் பக்கத்தில் செம்மறிகளை விறகுபோல் அடுக்கி வைத்திருந்தார்கள்.

தோர்ஜ் என்பவரின் பெரிய மந்தையில் முப்பது ஆடுகள்தான் மிஞ்சியிருந்தன. அவருடைய அண்ணன் லொறியுடன் வந்து நின்றார். கூடாரத்தைப் பிரித்து ஏற்றிக்கொண்டு குடும்பத்தோடு நகரத்துக்குப் போவதென்று பேச்சு. தோர்ஜுக்கு மனமில்லை. எங்கள் மொழிபெயர்ப்பாளரிடம் ஒரே கேள்விதான் கேட்டார்: இவை பிழைக்குமா?

சலீம் ஒவ்வொரு ஆட்டின் கண்ணிமையையும் விரித்துப் பார்த்தார். முதுகைத் தடவிப் பார்த்தார். தோர்ஜின் மனைவி வாசலில் நின்று அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஓம், புல்லு வந்தாத் தப்பிடும் எண்டு சொல்லுங்க” என்றார்.

லொறி வெறுமையாகத் திரும்பியது.

ஐந்தாம் நாள் அதே வழியால் வந்தோம். ஆடு ஒன்றுகூட உயிரோடு இல்லை. கூடாரத்தை ஏற்றிப்போக ஒட்டகமும் இல்லை, லொறியும் இல்லை. தோர்ஜ் எங்களை உள்ளே அழைத்து, சலீமுக்கு இரண்டு கைகளாலும் தேநீர்க் கிண்ணத்தைக் கொடுத்தார். ஜீப்பில் ஏறியதும் சலீம் அழுதார். “அந்த மனிசன் என்னை ஏசியிருக்கலாமே.”

ஊர் வந்த பிறகு வருடா வருடம் அந்த மொழிபெயர்ப்பாளருக்கு எழுதி, தோர்ஜின் குடும்பத்தை விசாரித்தார். நகரத்தின் ஓரத்தில் எங்கோ இருக்கக்கூடும் என்று ஒருமுறை பதில் வந்தது. பிறகு அதுவும் வரவில்லை. சிறுநீரகம் பழுதாகிப் படுக்கையில் கிடந்தபோதும், “ஏதும் அறிஞ்சீங்களா?” என்றுதான் என்னிடம் கேட்டார். இல்லை என்றேன்.

நண்பர்களே, நானும் மிருக வைத்தியன். அன்று அந்த ஆடுகளின் கண்ணிமைகளை அவருக்குப் பக்கத்தில் குந்தியிருந்து நானும் பார்த்தேன். இரத்தமே இல்லாமல் வெள்ளைத் தாள்போல வெளிறியிருந்தன. அவர் ‘ஓம்’ என்றபோது லொறி இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தது. நான் வாய் திறக்கவில்லை.

“நீங்களும் பாத்தீங்கதானே” என்று இத்தனை வருடத்தில் அவர் ஒருநாளும் என்னைக் கேட்டதில்லை. அவர் கேட்காமல் விட்ட அந்தக் கேள்விதான் அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருக்கிறது. இனிப் பதில் சொன்னாலும் கேட்க அவர் இல்லை.