ஒரு 'வாரேன்' செய்த வேலை

போன ஞாயிறு விடிகாலை, ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு எதிரில் நானும் என் நண்பன் சேகரும் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றோம். தேனி பஸ் கண்டக்டர் ஒருவர் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சைக்கிளையெல்லாம் ஏத்த முடியாதுண்ணே" என்றார். பஸ்ஸுக்கு இல்லை, எங்கள் இன்னொரு நண்பன் பாண்டிக்காகக் காத்திருக்கிறோம் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

மார்கழி வந்தால் நாங்கள் மூன்று பேரும் சைக்கிள் மிதிப்போம். பள்ளிக்கூடத்திலிருந்தே சிநேகிதம். மூவருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. மூவரையும் டாக்டர் திட்டியிருக்கிறார். மதுரையில் ஏது குளிர் என்கிறீர்களா? உண்டு. ஃபேனை ஒரு நம்பர் குறைத்துவிட்டு, 'இந்த வருஷம் பனி ஜாஸ்தி' என்று சொல்லிக்கொள்வோமே... அந்தக் குளிர்தான்.

அந்தப் பனியில் வைகைக் கரையோரம் பேசிக்கொண்டே மிதித்து, ஒரு தம்ளர் பருத்திப்பால் குடித்துவிட்டு வீடு திரும்பினால் அன்றைக்கு யார் மேலும் கோபம் வராது. மேனேஜர் மேல்கூட. எனக்கு வேறு தியானம் தெரியாது.

இந்த வருஷம் சேகர் செல்ஃபோனில் ஒரு ஆப் இறக்கினான். வந்தது வினை.

எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம், எவ்வளவு கலோரி – எல்லாம் சொல்லும். சந்தோஷமாக இருந்தாயா என்று மட்டும் கேட்காது. சேகர் கையுறை போட்டான். பஞ்சு வைத்த டவுசர் போட்டான். விடியாத இருட்டில் கூலிங் கிளாஸ் வேறு. யாரும் ஓட்டுப் போடாமலே கேப்டனும் ஆகிவிட்டான்.

பாண்டி வேறு ரகம். கேரியர் வைத்த பழைய சைக்கிள். தெரிந்தவர் எதிரே வந்தால் காலை ஊன்றி நின்றுவிடுவான். மதுரையில் அவனுக்குத் தெரியாதவர்கள் கம்மி. போன ஞாயிறுக்கு முந்தைய வாரம் அப்படி ஒருவரிடம் நின்று, அவர் மகள் கல்யாணத்தை விசாரித்துக்கொண்டிருந்தான். சேகர் ஆப்பைப் பார்த்துக் கொதித்துவிட்டான்.

"ஒன்னாலதேன் நம்ம ஆவரேஜே படுத்துருச்சு. எம்புட்டு நேரம்டா பேசுவ? நீ இதுக்கு லாயக்கில்ல மாப்ள."

பாண்டி தலையைக் குனிந்துகொண்டு பெடலை மிதித்தான். நான் யார் பக்கமும் சேரவில்லை. நடுநிலை என்று அதற்கு நான் வைத்திருக்கும் பெயர் எனக்கே பிடிக்கும்.

சனிக்கிழமை மத்தியானம் சேகர் வாட்ஸ்அப் குரூப்பில் உத்தரவு போட்டான்: 'நாளை திருவாதவூர். ஆரப்பாளையத்தில் அசெம்பிள்.' கொஞ்ச நேரம் கழித்து பாண்டி எழுதினான்: 'சரி மாப்ள, நான் வாரேன்.'

சேகர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். நானும் காட்டினேன்.

மறுநாள் ஆளைக் காணோம். ஃபோனும் எடுக்கவில்லை. எங்கள் வயதில் ஒருவன் ஃபோனை எடுக்காவிட்டால் மனசு எங்கெங்கோ போகும், இல்லையா? கோச்சடையில் இருக்கும் அவன் வீட்டுக்குச் சைக்கிளைத் திருப்பினோம். அன்றைக்குத்தான் சேகர் அசுர வேகத்தில் மிதித்தான். ஆப்பைப் போட மறந்துவிட்டான்.

பாண்டி வாசலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தான்.

"ஏன்டா, வாரேன்னு சொல்லிட்டு இங்க உக்காந்திருக்க?" என்று இரைந்தான் சேகர்.

"வாரேன்னு சொல்லிட்டுத்தானடா கெளம்புனேன்? சொல்லிக்காமயா போயிட்டேன்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த ஊரில் வருகிறவனும் 'வாரேன்' என்பான். விடைபெறுகிறவனும் 'வாரேன்' என்பான். பாண்டி எங்களிடம் விடைபெற்றிருக்கிறான்.

"வெலகுறதா இருந்தா போறேன்னு போட வேண்டியதுதானே?"

"மார்கழியும் அதுவுமா எவன்டா போறேன்னு சொல்லுவான்?" பாண்டி பேப்பரை மடித்தான். குரல் இறங்கிவிட்டது. "இம்புட்டு வருசம் கழிச்சு ஒருத்தன் விட்டுட்டுப் போறான். ஏன்டான்னு ஒரு வார்த்தை இல்ல. ரெண்டு பேரும் கட்டைவிரலைக் காட்டுறீங்க."

உள்ளேயிருந்து அவன் மனைவி குரல் கொடுத்தார். "நேத்து ராத்திரி பூரா அந்த ரெண்டு விரலையேதான்ணே பாத்துக்கிட்டு இருந்தாரு."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. இவன் இல்லாமல் எந்தத் திருவாதவூருக்குப் போய் என்ன செய்யப்போகிறோம்?

சேகர் மன்னிப்பெல்லாம் கேட்கிற ஆளில்லை. எங்கள் ஊர் ஆம்பளைகளுக்கு அந்த வார்த்தை மட்டும் தொண்டையில் சிக்கிக்கொள்ளும். கையுறையைக் கழற்றினான். பாண்டியின் சைக்கிளிடம் போய்ப் பின் டயரை அமுக்கிப் பார்த்தான். விண்ணென்று இருந்தது.

"காத்து எப்படா அடிச்ச?"

"நேத்து சாயங்காலம்" என்றான் பாண்டி, எங்களைப் பார்க்காமல். "வாரேன்னு போட்டுட்டுப் போயித்தேன் அடிச்சேன்."

உங்கள் குரூப்பிலிருந்தும் யாராவது கோபித்துக்கொண்டு கிளம்பினால் அவசரப்பட்டு வழியனுப்பிவிடாதீர்கள். முதலில் போய் டயரை அமுக்கிப் பாருங்கள்.