மாமா கட்டிய கம்ப்யூட்டர்

இதை எழுதாமலே விட்டிருப்பேன். எழுத உட்கார்ந்த மூன்று தடவையும் யாராவது உடைந்த போனைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார்கள். நாலாவது தடவை ஒருவரும் வரவில்லை. கரண்ட் போய்விடும் போலிருக்கிறது என்று எனக்கு நானே பொய் சொல்லிக்கொண்டு எழுந்துவிட்டேன். தமிழும் ஒரு சாக்கு. பக்கத்து டவுனான தவுவாவின் கோயிலில் எங்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர், நாலாம் பாடத்தில் நியூசிலாந்து விசா கிடைத்துப் போய்விட்டார். ஐந்தாம் பாடத்திலிருந்து எனக்குத் தெரிந்ததெல்லாம் அம்மா திட்டியதில் கற்றுக்கொண்டது. இதில் வசவு கூடுதலாக இருந்தால் என்னைக் குற்றம் சொல்லாதீர்கள்.

எனக்கு அப்போது பதினொரு வயது. எங்கள் தீவு நாட்டின் தலைநகர் சுவாவில், இந்திய வம்சாவளிப் பிரதமரைப் பிடித்துவைக்கத் துப்பாக்கிக்காரர்கள் பார்லிமெண்டுக்குள் புகுந்ததற்கு அடுத்த வருஷம். எங்கள் கரும்பு ஊருக்குத் துப்பாக்கி வரவில்லை, சூட்கேஸ்தான் வந்தது. மாதத்துக்கு ஒரு வீடு காலியானது. அம்மாவின் தம்பிக்கு, அதாவது என் மாமாவுக்கு, அந்த வருஷம்தான் நிலக் குத்தகை முடிந்தது. புதுப்பிக்க முடியாது என்று நிலத்துக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். மாமியின் அண்ணன் பிரிஸ்பேனிலிருந்து, அங்கே குடியேறுவதற்கான பேப்பர் அனுப்பியிருந்தார். மாமா ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். மாமா போடவில்லை.

அவருக்கு வேறொரு யோசனை இருந்தது. லௌத்தோக்காவில் மூன்று மாதம் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய்வந்திருந்தார். தவுவா டவுனில் ஒரு கடை போடுவேன் என்றார்.

“ஊரே காலியாகுது. கடைக்கு யாரு வருவா?” என்றார் மாமி.

“போனவங்களோட பேசணும்னா இருக்கிறவங்களுக்குக் கம்ப்யூட்டர் வேணும்ல? ஒருத்தன் போனா எனக்கு நாலு கஸ்டமர்.”

“அப்ப எல்லாரும் போகட்டும்னு சாமி கும்பிடுங்க.”

கடைசியில் இருவரும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். மாமா தன் கையாலேயே ஒரு கம்ப்யூட்டர் சேர்க்க வேண்டும். மாத முடிவு ஞாயிற்றுக்கிழமை, மாமி கண்முன்னால் அது ஓட வேண்டும். ஓடினால் மாமி பேப்பரைத் திருப்பி அனுப்பிவிடுவார். ஓடாவிட்டால் மாமா கையெழுத்துப் போட வேண்டும். பெரியவர்கள் அத்தனை பேருக்கும் இது தெரியும். எனக்கும் பக்கத்து வீட்டு ரபீக்குக்கும்கூடத் தெரியும். ஆனால் கபடிப் போட்டியைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

செலவுக்கு மாமா உழவு மாடு இரண்டையும் விற்றார். நிலம் இல்லாதவனுக்கு மாடு எதற்கு என்பது அவர் கணக்கு.

“ரெண்டு மாட்டை வித்துட்டு ஒரு டப்பா வாங்கப் போறாரு. மாடாவது சாணி போடும்,” என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்தார் மாமி. அந்தச் சிரிப்பில் பயம் கலந்திருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

காலண்டர் தாளின் பின்பக்கம் மாமா ஒரு பட்டியல் எழுதினார். எழுதிய வேகத்திலேயே அடித்தார். சி.டி. டிரைவ் போனது. புது மானிட்டர் போனது. ஊரைவிட்டுக் கிளம்பும் ஒரு டீச்சர் தன் பழைய மானிட்டரைத் தருவதாகச் சொல்லியிருந்தார். ஹார்ட் டிஸ்கும் பழையதுதான். ஒரே ஒரு சாமான் இலவசமாக வந்தது. மாமாவின் கூட்டாளி ஒருவர் கல்யாணத்துக்காக அமெரிக்காவிலிருந்து வந்தபோது, சட்டைகளுக்கு நடுவில் சுருட்டி ஒரு பவர் சப்ளை கொண்டுவந்தார். அதில் மிச்சமான காசில் சவுண்ட் கார்டு வாங்கலாம் என்று நான் முடிவு செய்துவிட்டேன். மாமாவைக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

மதர்போர்டு வாங்க நசினுவுக்குப் போனபோது என்னையும் பஸ்ஸில் கூட்டிப்போனார். மினிபஸ் நிற்கும் இடத்துக்குப் பின்னால், இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வெளியே நிற்க வேண்டிய கடை. கடைக்காரர் மாமாவோடு படித்தவர். இரண்டு பிராசஸரை மேஜையில் வைத்தார்.

“வேகம் வேணுமா, மெமரி வேணுமா? உன் மாட்டு விலைக்கு ரெண்டும் வராது.”

மாமா மாட்டுக்குப் பல் பார்ப்பதுபோல ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஊசிகளை எண்ணினாரோ என்னவோ, உதடு அசைந்தது.

“மெதுவா நடந்தாலும் பரவால்ல. குடுத்ததை மறக்கக் கூடாது. மெமரி ரெண்டு குடு.”

“சவுண்ட் கார்டு மாமா!” என்றேன்.

“மொதல்ல மூளைடா. அப்புறந்தான் வாய். உனக்குத்தான் மாத்தி வெச்சு அனுப்பிட்டாங்க.”

கடைக்காரர் சிரித்த சிரிப்பு மினிபஸ் வரிசை வரைக்கும் கேட்டது. ஊரையே கிண்டல் செய்கிறவனுக்குத் தன்னை யாராவது கிண்டல் செய்தால் தாங்காது. தவுவா வந்து சேரும்வரை மாமாவோடு நான் பேசவில்லை. வழியில் அவர் வாங்கித் தந்த ரொட்டியை மட்டும் சாப்பிட்டேன்.

வீட்டில் பவர் சப்ளையைப் பெட்டிக்குள் திருகி முடித்ததும், மாமா என்னையும் ரபீக்கையும் கூப்பிட்டுப் பின்பக்கத்தைக் காட்டினார். அங்கே சின்னதாக ஒரு சிவப்பு சுவிட்ச். ஒரு பக்கம் 115, மறுபக்கம் 230.

“அமெரிக்காவுல கரண்ட் பாதிதான். இங்க முழுசு. அதனால இருநூத்து முப்பதுல இருக்கணும். இதை யாரும் தொடக்கூடாது. முக்கியமா நீ.”

“நான் என்ன செஞ்சேன்?”

“இன்னும் செய்யல. அதான் இப்பவே சொல்றேன்.”

என் மண்டையில் ஓடிய கணக்கு இது. நூற்றுப் பதினைந்து சின்ன எண். சின்ன எண்ணில் வைத்தால் கம்ப்யூட்டருக்குப் பாதிக் கரண்ட்தான் போகும். பட்டினி கிடக்கும், எழுந்திருக்காது. மாமா தலையைச் சொறிவார். எல்லோரும் முழிப்பார்கள். அப்போது நான் எழுந்து, சவுண்ட் கார்டு வாங்கித் தருவதாகச் சத்தியம் வாங்கிக்கொண்டு, சுவிட்சைத் தள்ளிவிட்டு வைத்தியராகிவிடுவேன். கணக்குப் பாடத்தில் நான் ஏன் தேறவில்லை என்று இதிலிருந்தே தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலை டீச்சர் வீட்டு மானிட்டர் வந்தது. அதுவரை மாமா ஒரு தடவைகூடக் கரண்ட் கொடுத்துப் பார்க்கவில்லை. எல்லாம் சேர்ந்த பிறகு, சாமி கும்பிட்டுத்தான் என்று பிடிவாதமாக இருந்தார். பெட்டிக்குக் குங்குமம் வைத்தார். அம்மா கற்பூரம் எடுக்கப் போனார். மாமி நல்ல சேலை கட்டி வந்து, நாற்காலியில் கையைக் கட்டி உட்கார்ந்தார். பேப்பர் அவர் மடியில் இருந்தது.

எல்லோரும் கண்ணை மூடிக் கும்பிட்டபோது நான் கையைப் பெட்டிக்குப் பின்னால் விட்டேன். சுவிட்ச் ‘டக்’ என்று நகர்ந்தது. கண்ணைத் திறந்து வைத்திருந்த இன்னொரு ஆள் ரபீக். அது அவனுடைய சாமி இல்லையே. என்னைப் பார்த்தான். நான் கண்ணடித்தேன். அவன் சிரிப்பை அடக்கக் கையால் வாயைப் பொத்திக்கொண்டான்.

மாமா பொத்தானை அழுத்தினார்.

பட்டாசு வெடித்ததுபோல ஒரு சத்தம். பெட்டியின் பின்னாலிருந்து வெள்ளைப் புகை வந்தது, கெட்ட நாற்றத்தோடு. சமையலறையில் பாடிக்கொண்டிருந்த ரேடியோ நின்றது, மின்விசிறி நின்றது. கற்பூரம் மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

மாமா வயரைப் பிடுங்கினார். பெட்டியைத் திருப்பி வைத்துக் குனிந்தார். சுவிட்சை ரொம்ப நேரம் பார்த்தார். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

“நான்தான் பாக்கல,” என்றார் மாமா. “நேத்து தூசி தட்டுறப்ப நகந்திருக்கும். அமெரிக்கா நம்பர்ல கிடக்குது. பாதிக் கரண்டுக்குன்னு வெச்சதுக்குள்ள முழுக் கரண்ட் பாஞ்சிருச்சு.”

திறந்த வாயை மூடிக்கொண்டேன். என் ஆயுளில் அந்த வாய் சும்மா இருந்தது அன்று ஒரு நாள்தான்.

“சரி செய்ய முடியுமா தம்பி?” என்று அம்மா கேட்டார்.

“உள்ள எதெது போச்சோ தெரியலக்கா. பாக்குறதுக்கு வேற பவர் சப்ளை இல்ல. வாங்கக் காசும் இல்ல.”

மாமி ஜெயித்த மாதிரி எதுவும் சொல்லவில்லை. பேப்பரை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, “டீ போடறேன்,” என்று எழுந்து போனார். அடுப்பங்கரையில் அவர் மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. ஜெயித்தவர் எதற்கு அழ வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை.

மறுநாள் காலை மாமா அந்தப் பெட்டியையே மேஜையாக வைத்துக் கையெழுத்துப் போட்டார். பேனா முதலில் எழுதவில்லை. உதறி, மறுபடி போட்டார். ஐந்து மாதத்தில் போய்விட்டார்கள். நாந்தி ஏர்போர்ட்டில் என் தலையில் தட்டி, “எனக்கு லெட்டர் எழுதித் தொலைக்காதே. உன் எழுத்தை ஆஸ்திரேலியா உள்ளயே விடமாட்டான்,” என்றார். நான் எழுதவில்லை. எழுதியிருந்தால் எதை எழுதியிருப்பேன் என்று எனக்குத் தெரியும்.

பிறகு நானும் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டேன். போன் ரிப்பேர் கடையில் சேர்ந்து, கடைசியில் அந்தக் கடையையே எடுத்துக்கொண்டேன். தவுவா டவுனில், மாமா பார்த்து வைத்திருந்த அதே தெருவில். பத்தொன்பது வயதில் ஒரு நாள், எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் அவர் விட்டுப்போன பெட்டியைக் கொண்டுபோய், வேறொரு பவர் சப்ளை மாட்டிப் பார்த்தேன். எல்லாம் ஓடியது. மெதுவாகத்தான், ஆனால் ஒன்றுகூடக் கெடவில்லை. வெடித்தது அந்த ஓசிச் சாமான் மட்டும். விற்க இன்னொரு மாடு இருந்திருந்தால் அவர் போயிருக்க மாட்டார். உடனே பெட்டியை மூடி, மறுபடி கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

மாமா இப்போது பிரிஸ்பேனில் கோழிப் பாக்டரி ஒன்றில் வேலை செய்கிறார். ஒவ்வொரு தீபாவளிக்கும் வீடியோவில் கூப்பிடுவார். அங்கே வீடு நிறைய ஆள் இருக்கும். யாராவது கேட்டுவிடுவார்கள், அவரும் அந்தக் கதையை ஆரம்பித்துவிடுவார். “ரெண்டு மாட்டை வித்து ஒரு பட்டாசு வாங்கின ஒரே ஆளு நான்தான். நம்பரைப் பாக்காத மடையன்!” எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். இந்தப் பக்கம் நானும் சிரிப்பேன். இருபது தீபாவளியாகச் சிரிக்கிறேன்.

பதினொரு வயதில், அன்று தோற்றது ஒரு கம்ப்யூட்டர் என்றுதான் நினைத்திருந்தேன். இந்த மண்ணில் இருப்பதற்கு ஒரு மனுஷன் தேடி வைத்திருந்த காரணம் அந்தப் பெட்டி ஒன்றுதான் என்பது எனக்குத் தெரியாது. மாமிக்கும் உள்ளுக்குள் அது ஓடட்டும் என்றே இருந்திருக்கிறது. அதுவும் தெரியாது.

இதை மாமாவுக்கு அனுப்பலாமா என்று கேட்க வேண்டியிருந்தது. நடந்ததைப் பார்த்த ஒரே சாட்சி ரபீக். அவன் இப்போது ஆக்லாந்தில் பஸ் ஓட்டுகிறான். அவனுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அதனால் முழுவதையும் வாசித்துப் போனில் பதிவு செய்து அனுப்பினேன். சாயங்காலம் அவனுடைய பதில் குரலாகவே வந்தது:

“அன்னைக்கு ராத்திரியே நான் உன் மாமாகிட்ட சொல்லிட்டேன்டா, உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு.”