எழுபது வளைவும் ஒரு ட்ரே முட்டையும்

கீமோவுக்குத் துணைக்குப் போவது என்பது சம்பளமும் கிடையாத, மெடிக்கல் லீவும் கிடையாத ஒரு உத்தியோகம். ஆஸ்பத்திரி வராந்தாவில் பையை மடியில் வைத்துக்கொண்டு, எப்போது பெயரைக் கூப்பிடுவார்கள் என்று பாதித் தூக்கத்தில் காத்திருக்கும் சக ஊழியர்களே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தால் "ஐயோ பாவம்" என்பார்கள். அதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

நான் கொல்லிமலையில், ஆலத்தூர் நாடு என்கிற ஊராட்சியில் ஒரு அரசுப் பள்ளியில் அறிவியல் டீச்சர். சொந்த ஊர் கீழே ராசிபுரம். வசந்தா எங்கள் பள்ளியின் சத்துணவு சமையலர், மலையிலேயே பிறந்து வளர்ந்தவள். பதினோரு வருடமாக என் சிநேகிதி. போன ஆடியில் அவளுக்குச் சினைப்பையில் புற்றுநோய் என்று தெரிந்தது. தெரிந்தபோதே முற்றியிருந்தது. மூன்று வாரத்துக்கு ஒன்றாக ஆறு கீமோ, பிறகு ஸ்கேன், அதற்குப் பிறகு பார்க்கலாம் என்றார் டாக்டர். ஆறையும் முடித்துவிட்டு, பொங்கல் லீவு முடிந்து பள்ளி திறக்கும்போது அடுப்படிக்குத் திரும்பிவிட வேண்டும் என்பது வசந்தாவின் திட்டம். எனக்கு அவள் உயிரோடு இருந்தால் போதும்.

நியமன உத்தரவு

முதல் கீமோவுக்குத் துணைக்குப் போனவர் அவளுடைய வீட்டுக்காரர் பழனிசாமிதான். கையெழுத்துப் போட, ஃபாரம் நிரப்ப என்று நானும் கூடப் போயிருந்தேன். சில்வர் ஓக் மரத்தில் ஒற்றை மூங்கில் ஏணியைச் சாத்தி, உச்சி வரைக்கும் ஏறி மிளகு பறிக்கிற மனிதர் அவர். நர்ஸ் வசந்தாவின் புறங்கையில் ஊசியைக் குத்தியதுதான் தாமதம், தடாலென்று கீழே விழுந்தார். நெற்றியில் மூன்று தையல். அவரைப் பக்கத்துக் கட்டிலில் படுக்கவைத்து அவருக்கும் ஒரு பாட்டில் ஏற்றினார்கள். வசந்தா தன் கட்டிலில் இருந்தபடி அவரை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இரண்டு கட்டிலுக்கும் நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன்.

சாயங்காலம் கிளம்பும்போது அந்த நர்ஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "அடுத்த தடவை இந்த அண்ணனக் கூட்டிட்டு வராதீங்கம்மா. எங்ககிட்ட கட்டில் பத்தாது. நீங்களே வந்துருங்க."

யார் நோயாளி

மூன்றாவது கீமோவுக்கு விடிகாலை பஸ் பிடித்து மலையிலிருந்து இறங்கினோம். ரத்தம் எடுத்தார்கள். வெள்ளை அணு குறைவு, இன்றைக்கு மருந்து ஏற்ற முடியாது, ஒரு வாரம் கழித்து வாருங்கள் என்றார்கள். அவ்வளவுதான். எட்டாம் வகுப்பை ஹெட்மாஸ்டர் தலையில் கட்டிவிட்டு வந்த நான், வந்த வழியே திரும்ப வேண்டியதாயிற்று. எனக்கு வந்த எரிச்சலை வசந்தாவிடம்தான் காட்டினேன். "ஒழுங்கா சாப்பிடறியா இல்லையா?" என்று பஸ் ஸ்டாண்டில் நின்று கத்தினேன். கத்தியதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மலைப்பாதையில் எழுபது கொண்டை ஊசி வளைவு. பதினோரு வருடமாக ஏறி இறங்கியும் என் வயிற்றுக்கு அது பழகவில்லை. முப்பதாவது வளைவு தாண்டுவதற்குள் நான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டியிருந்தேன். மொட்டைத் தலைக்கு மேல் துண்டைச் சுற்றியிருந்த வசந்தா, ஒரு கையால் என் நெற்றியைத் தாங்கி, மறுகையால் எலுமிச்சம்பழத்தை என் மூக்கில் வைத்து அழுத்தினாள். டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர் எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஆஸ்பத்திரி சீட்டு கையில இருக்குது. உங்க ரெண்டு பேர்த்துல யாருங்க நோயாளி?"

ஓடு

ஏன் அணு ஏறவில்லை என்பது அப்புறம் தெரிந்தது. தினம் இரண்டு முட்டை சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் அணு ஏறாது, அணு ஏறாவிட்டால் கீமோ கிடையாது என்று டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்தார். நான் காரவள்ளி அடிவாரக் கடையில் வாங்கிக் கொடுத்த முட்டையை அவள் தொடவே இல்லை. முழு ட்ரேயும் அரிசிப் பானைக்குப் பின்னால் அப்படியே இருந்தது.

கேட்டால், "சத்துணவு ஆக்கறவ ஊட்டு வாசல்ல முட்டை ஓடு கெடந்தா ஊரு என்னங்க பேசும்?" என்றாள். பள்ளிக்கூட முட்டையைத் திருடித் தின்கிறாள் என்பார்களாம். உயிர் போகிற நேரத்தில் ஊர் வாயைப் பற்றி என்ன கவலை என்று எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. ஆனால் பதினெட்டு வருடமாக ஒரு முட்டை கணக்குக் குறையாமல் அவித்துப் போட்டவளிடம் அதைச் சொல்ல முடியவில்லை.

கடைசியில் வழி கண்டுபிடித்ததும் அவள்தான். பள்ளிக்கு வரும் முட்டையில் அரசாங்க சீல் குத்தியிருக்கும், கடை முட்டையில் இருக்காது. அதனால் தின்ற முட்டையின் ஓடுகளையெல்லாம் கழுவி, வாசல் ரோஜாச் செடியைச் சுற்றி எல்லாருக்கும் தெரிகிற மாதிரி கவிழ்த்து அடுக்கினாள். அடுத்த வாரம் அணு ஏறியது. போகிற வருகிறவர்கள் குனிந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பழனிசாமி மட்டும் என்னிடம் முறையிட்டார்: "டீச்சரு, மாட்டுக்குத் தண்ணி காட்டப் போறவங்கூட இங்க நின்னு ஓட்டைத் திருப்பிப் பாத்துட்டுத்தானுங்க போறான்."

பிரசாதம்

மொட்டையைப் பற்றிச் சொல்லாமல் விட்டேனே. இரண்டாவது கீமோ முடிந்ததும் முடி கொத்துக் கொத்தாக வந்தது. கொட்டுகிற வரைக்கும் காத்திருக்க வசந்தா தயாராக இல்லை. வேலைக்கே போகாமல் இருக்கிறவள், "சாம்பார்ல முடி விழுந்தா என்னாகறது" என்று சொல்லி மழித்துக்கொண்டு வந்து நின்றாள். எனக்குத்தான் அழுகை வந்தது.

பக்கத்து வீட்டுப் பாப்பாத்தியக்கா எந்தச் சாமிக்கு வேண்டுதல் என்று கேட்க, விளக்கம் சொல்லச் சலித்துப்போய் "சமயபுரத்துக்குங்க" என்று சொல்லிவிட்டாள். வேண்டுதல் என்றால் பிரசாதம் வர வேண்டும் அல்லவா? இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு அக்கா வாய்விட்டே கேட்டுவிட்டார். வசந்தாவுக்கு எழுந்து உட்காரவே தெம்பில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிற நான், என் கேஸ் அடுப்பில் சர்க்கரைப் பொங்கல் கிண்டி இலையில் கட்டிக் கொடுத்தேன். கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கிச் சாப்பிட்ட அக்கா மறுநாள் சொன்னார்: "பிரசாதம் நல்லாத்தான் இருந்துச்சுங்க டீச்சரு. கோயல்ல நெய்யை மட்டும் ரொம்ப மிச்சம் புடிக்கறாங்க போல."

துக்கம் விசாரிப்பு

திண்ணனூர் நாட்டிலிருந்து உறவுக்காரர்கள் ஒரு ஜீப் நிறைய வந்தார்கள். வாழைப்பழச் சீப்பை வைத்துவிட்டு, இதே நோயில் போனவர்களை ஒவ்வொருவராக எண்ணத் தொடங்கினார்கள். நான்காவது ஆள் செத்ததும் நான் எழுந்து கதவைத் திறந்து, "அவளுக்குத் தூக்கம் வருது" என்றேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்த வசந்தா குரல் கொடுத்தாள்: "இருங்க டீச்சரு, அந்த நாலாவது ஆளு எனக்கு ஒண்ணுவிட்ட மாமனுங்க. எப்படிப் போனாருன்னு கேட்டுக்கறேன்."

உப்பு

ஐந்தாவது கீமோவுக்குப் பிறகு அவளுக்கு நாக்கில் ருசி போயிற்று. எதைத் தின்றாலும் இரும்பைச் சப்புகிற மாதிரி இருக்கிறதாம். விரல் நுனியும் மரத்துவிட்டது. ஒருநாள் மாற்றுச் சமையலர் வரவில்லை. யாரும் கூப்பிடாமலே வசந்தா வந்து அடுப்பைப் பற்றவைத்தாள். தொண்ணூறு பிள்ளைகளுக்குச் சாம்பார். கரண்டியை வகுப்பறை வாசலுக்கே கொண்டுவந்து, "உப்புப் பாருங்க டீச்சரு" என்றாள். முந்தின இரண்டு நாளும் அவளோடு ஆஸ்பத்திரியில் கிடந்த களைப்பு எனக்கு. நாக்கில் வைக்காமலே "சரியா இருக்கு" என்று தலையாட்டினேன். எவ்வளவு அள்ளுகிறோம் என்பது மரத்த விரலுக்குத் தெரியாமல், அவள் உப்பை இரண்டு தரம் போட்டிருந்தாள்.

மத்தியானம் முதல் வாயிலேயே எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்போதுதான் அவள் கையையும் பார்த்தேன். கொதிக்கிற அண்டாவின் விளிம்பைத் துணியில்லாமல் பிடித்திருக்கிறாள். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். சுட்டது அவளுக்கே தெரியவில்லை. ஸ்டோர் ரூமுக்குள் போய் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து அழுதேன். சுண்ணாம்புக் கட்டி ஒன்று குறைந்தாலும் குதிக்கிற எங்கள் ஹெட்மாஸ்டர், அன்றைக்குச் சாம்பாரை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவ எழும்போது சொன்னார்: "சாம்பாருக்கு ஒரு குறையுமில்ல வசந்தா. அந்தத் தண்ணிக் குடத்த மட்டும் என் ரூம்ல வச்சிருங்க."

காரவள்ளி நிறுத்தம்

ஆறும் முடிந்தது. ஸ்கேன் எடுத்தோம். கட்டி சுருங்கவில்லை, ஈரலிலும் புள்ளிகள் தெரிகின்றன என்றார் டாக்டர். நல்ல மனிதர், சுற்றி வளைக்கவில்லை. இனி வேறு மருந்து, வாரம் ஒருமுறை. குணமாகும் என்று சொல்ல மாட்டேன், கொஞ்ச காலம் கிடைக்கலாம். வேண்டாம் என்றாலும் தப்பில்லை, வலிக்கு மருந்து கொடுத்து வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். யோசித்துத் திங்கட்கிழமை வந்து சொல்லுங்கள் என்றார். வசந்தா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள், இந்த மருந்திலும் விரல் மரத்துப்போகுமா என்று. அவ்வளவு இருக்காது என்றார்.

பஸ் காரவள்ளியில் டீக்கு நின்றது. ஒவ்வொரு தடவையும் நான் இங்கே இறங்கி ஓடிப்போய் முட்டை வாங்குவேன். அன்றைக்கு எழுந்திருக்கவில்லை. முட்டை வாங்கட்டுமா என்று கேட்டால், இன்னும் கீமோ போட்டுக்கொள்கிறாயா என்று கேட்பதாக ஆகிவிடும். அவள் இல்லை என்று சொன்னால் அதைத் தாங்க எனக்குத் தெம்பில்லை. சரி என்றால், வாராவாரம் இந்த எழுபது வளைவையும் நினைத்து எனக்குள் ஒரு மூலை சோர்ந்துபோனது. அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நீங்களும் அப்படி நினைத்திருப்பீர்கள். கண்ணை மூடித் தூங்குவதாகப் பாவனை செய்தேன். டிரைவர் டீயைக் குடித்துவிட்டு வந்து ஏறினார். முழங்கையால் என்னை ஒரு இடி இடித்து வசந்தா சொன்னாள்: "ஏனுங்க டீச்சரு, இன்னும் என்ன தூக்கம்? ஓடிப்போயி ஒரு ட்ரே வாங்கிட்டு வாங்க, திங்கக்கெழமைக்குள்ள அணு ஏறோணுமல்ல?"

இந்த உத்தியோகத்துக்கு என்னை நியமித்தது ஒரு நர்ஸ், வேலையை விட்டு நீக்கும் அதிகாரம் வசந்தாவிடம் இருக்கிறது, இதுவரைக்கும் அவள் நீக்கவில்லை.