வாய்க்காலில் விட்ட குழாய்

அவனியாபுரம் தாண்டி நாங்கள் வீடு கட்டியபோது பாதாளச் சாக்கடை அந்தப் பக்கம் வந்திருக்கவில்லை. செப்டிக் டேங்க்தான். கரிசல் மண் தண்ணீரை லேசில் உறிஞ்சாது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தொட்டி நிறைந்து கழிவறையில் எதிர்த்து வரும். லாரிக்குச் சொல்லிவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு காத்திருப்போம்.

"பின்னாடி மழைத்தண்ணி வாய்க்கால் போகுதுல்ல டீச்சர், ஒரு பைப்ப அதுல இறக்கிவிட்டா சோலி முடிஞ்சது. தெருவுல எல்லாரும் அப்படித்தான் விட்டிருக்காக" என்றார் பிளம்பர்.

நான் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்துகிறவள். அந்தத் தண்ணீரில் என்ன இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் சரி என்றேன். குழாயின் மேல் மண்ணைத் தள்ளி மூடியபோது நிம்மதியாகத்தான் இருந்தது.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஓர் அக்கா கீரை போட்டிருந்தார். பாய்ச்சவும் குடிக்கவும் வாய்க்கால் ஓரத்தில் ஒரே கிணறு; மழையில் வாய்க்கால் நிரம்பினால் அதற்குள்ளும் வழியும். காலையில் எங்கள் தெருவுக்குக் கூடையோடு வருவார். முதல் கட்டு எனக்குத்தான். அடுத்த வருஷம் மழை ஓய்ந்த பிறகு ஒரு நாள், கூடையிலிருந்து ஒரு பாட்டில் தண்ணீரை எடுத்து நீட்டினார்.

"கிணத்துத் தண்ணி ஒரு மாதிரி வாடையடிக்குது டீச்சர். உங்க பள்ளிக்கூடத்துல பாத்துச் சொல்லுவீகளா?"

மருந்து தோய்த்த தாள் போட்ட சிறிய பாட்டிலில் அதை ஊற்றி ஆய்வக அலமாரியில் வைத்தேன். மலக்கழிவு கலந்திருந்தால் தண்ணீர் கறுக்கும். மறுநாள் மை மாதிரி கறுத்திருந்தது.

"குடிக்காதீங்கக்கா. கேன் தண்ணி வாங்கிக்கங்க" என்றேன்.

"எங்கேருந்து வருது டீச்சர்?"

"தெரியலக்கா. எங்கேருந்து வேணும்னாலும் வரலாம்."

அன்றிலிருந்து நான் கீரை வாங்கவில்லை. ஒரு நாள் விரதம் என்றேன், ஒரு நாள் பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லை என்றேன். அடுத்த வீட்டிலும் எதிர்வீட்டிலும் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களிடமும் நான் வாய் திறக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து அக்கா வருவது நின்றது. அவர் வீட்டுக்காரருக்கு மஞ்சக்காமாலை, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். கண்ணெல்லாம் மஞ்சளாக வீட்டுக்காரர் கட்டிலில் படுத்திருந்தார். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நல்லவேளை, நீங்க அன்னைக்கே சொன்னீக. இல்லாட்டி பிள்ளைகளும்ல விழுந்திருக்கும்."

அந்த நன்றியை என்னால் வாங்கிக்கொள்ள முடியவில்லை.

"எங்க வீட்டுப் பைப்பு வாய்க்கால்லதான்க்கா விழுது. பாட்டில் கறுத்தப்பவே எனக்குத் தெரியும்."

அவர் கையை மெதுவாக எடுத்துக்கொண்டார்.

"அதான் கீரை வாங்கலையா?"

தலையை மட்டும் ஆட்டினேன்.

"அம்புட்டுப் பேருக்கும் வித்துக்கிட்டுத் திரிஞ்சேனே டீச்சர். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

அந்த வாரமே குழாயை அடைத்தேன். தொட்டிக்குப் பக்கத்தில் பெரிதாக உறிஞ்சு குழி வெட்டி ஜல்லி போட்டோம்; அதுவும் நிறைந்தால் பழையபடி லாரிதான். பிறகு தெருவில் வீடு வீடாக ஏறி, நான் செய்ததையும் சேர்த்தே சொன்னேன். இரண்டு வீட்டில் அடைத்தார்கள். "நீங்க ஒரு வருஷமா விட்டுட்டு இப்ப எங்களுக்குப் பாடம் எடுக்க வாறீகளாக்கும்?" என்று ஒருவர் கதவைச் சாத்தினார். அவர் கேட்டது நியாயம்தான்.

அக்காவின் வீட்டுக்காரர் தேறிவிட்டார். கிணறு தேறவில்லை. கீரையை விட்டுவிட்டு இப்போது மாட்டுக்குப் புல் வளர்க்கிறார்கள். புல்லுக்கட்டோடு எங்கள் வாசலைக் கடக்கும்போது, "நல்லாயிருக்கீகளா டீச்சர்?" என்று கேட்கிறார். முன்பு போல நின்று பேசுவதில்லை.