நாற்பத்தெட்டில் கேட்ட கதவுச் சத்தம்

பேய் பிசாசு என்று யாராவது கதை தொடங்கினால் எழுந்துபோகிற ஆள் நான். ஒலிப்பதிவுதான் என் தொழில், எந்தச் சத்தத்துக்கும் ஒரு வயரோ ஒரு செட்டிங்கோ காரணமாக இருக்கும் என்பதுதான் என் நம்பிக்கை. இதைக் கேட்டு நீங்கள் சிரிக்கலாம், என் மனைவியே சிரித்தவள்தான், ஆனால் நடந்ததைத்தான் சொல்கிறேன்.

யுத்தம் கடைசிக்கட்டத்தில் நின்ற காலம். கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டின் ஓர் அறைச் சுவரில் மெத்தைகளை அடித்து, நடுவில் ஒரு மைக்கை வைத்து, அதை ஸ்டூடியோ என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கொம்ப்யூட்டர் வெளியே ஹோலில், வாசல் கதவுக்குப் பக்கத்தில். அன்று டிவி நாடகமொன்றுக்குக் குரல் கொடுக்க வந்தவர் தயாளன், வவுனியாப் பெடியன், கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில் தங்கியிருந்தார். நல்ல குரல். அதைத் தவிர அவரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, அந்த நாட்களில் தெரியாத ஆளை வீட்டுக்குள் விடுவதே ஆபத்தான காரியம்.

நான் வழக்கமாகப் பாட்டு சீடிக்கு நாற்பத்துநாலில் பதிகிறவன், டிவிக்காரருக்கு நாற்பத்தெட்டு வேண்டும். சாம்பிள் ரேட்டை, அதாவது சத்தத்தை ஒரு செக்கனுக்கு எத்தனை ஆயிரம் தரம் அளந்து பதிவது என்ற கணக்கை, மாற்றினேன், உடனே தயாளனின் குரல் அவருடைய ஹெட்போனில் பிந்தி வரத் தொடங்கியது. ஒரு சொல் சொன்னால் அது அரைச் சொல் கழித்துக் காதில் விழுகிறது, மனிதன் எப்படிப் பேசுவது? பஃபரைக் குறைத்தேன், டிரைவரை மறுபடி போட்டேன், மைக்கையும் கொம்ப்யூட்டரையும் இணைக்கிற இன்டர்ஃபேஸ் பெட்டியை நிறுத்திப் போட்டேன். பிறகு என் பழைய வழி: ஹெட்போனை மைக்கில் ஒட்டிப் பிடிக்கச் சொல்லி, ஒரு ‘டக்’ சத்தத்தை ஓடவிட்டு, அதையே திரும்பப் பதிந்து எவ்வளவு பிந்துகிறது என்று பார்ப்பது. பார்த்தால், பதிந்த ‘டக்’ நான் அனுப்பிய ‘டக்’குக்கு முன்னால் நிற்கிறது. அதற்கும் காரணம் உண்டு, பெட்டி தாமதத்தைக் கூட்டிச் சொன்னால் சொஃப்ட்வெயர் பதிந்ததை அளவுக்கு மிஞ்சி முன்னே இழுத்துவிடும். இழுத்தாலும் கண்ணிமைக்கிற நேரத்துக்குள்தான். நான் பயப்படவில்லை.

ஹெட்போனைத் திரும்பக் காதில் மாட்டிய தயாளன் உள்ளேயிருந்து சொன்னார்:

“அண்ணை, ஆரோ கதவு தட்டுகினம்.”

போய்த் திறந்தேன், ஒருவருமில்லை. கதவுக்குப் பக்கத்தில் இருந்த எனக்கு ஒன்றும் கேட்கவுமில்லை. நாற்பத்துநாலுக்கு மாற்றினேன், தட்டல் இல்லை. நாற்பத்தெட்டு, திரும்பவும் தட்டுகிறார்களாம். மூன்றாம் முறை பதிவை ஓடவிட்டுவிட்டே போய்த் திறந்தேன், படிக்கட்டு வெறுமையாகக் கிடந்தது. வந்து பதிவைப் போட்டுக் கேட்டால், மூன்று தட்டு, தெளிவாக. அதற்கு மேல் கேட்கப் பொறுமையில்லாமல் நிறுத்தினேன். மைக்குக்கு முன்னால் நின்றது அவர் ஒருவர். என்னை வாசலுக்கு அனுப்பிவிட்டு இவன் உள்ளே என்ன செய்கிறான் என்று எனக்குத் தலைக்கேறிவிட்டது.

“என்ன விளையாட்டு விடுறீர் தயாளன்? பொலிஸ் பதிவு இருக்கோ உமக்கு?” வடக்கிலிருந்து கொழும்புக்கு வந்து தங்குகிற தமிழர் பொலிஸில் போய்ப் பெயர் பதிந்திருக்க வேண்டிய காலம் அது.

அவருடைய முகம் வெளுத்திருந்தது. “முடிஞ்சுபோச்சு அண்ணை. புதுப்பிக்கப் போனா பிடிச்சு வைச்சிருவாங்களெண்டு பயம்.”

“இதை இப்பதான் சொல்லுறீரோ? எனக்குப் பிள்ளையள் இருக்கு. நீர் முதல்ல வெளிய போம்.”

அந்த வேலைக்காக ஒரு கிழமையாக என்னைக் கெஞ்சியவர், “ஓம் அண்ணை” என்று சொல்லி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டே பின்படியால் இறங்கிப் போனார்.

அரை மணித்தியாலம் ஆகியிருக்காது. மூன்று தட்டு. வாசலில் இரண்டு பொலிஸ்காரரும் கையில் கடுதாசியோடு சிவில் உடுப்பில் ஒருவரும். தயாளனின் முழுப்பெயரையும் சிங்களத்தில் வாசித்து, உள்ளே இருக்கிறாரா என்று சிவில் உடுப்புக்காரர் கேட்டார், லொட்ஜில் விசாரித்து வந்திருக்கிறார்கள். போய்விட்டார், எங்கே என்று தெரியாது என்றேன், உண்மையும் அதுதான். மெத்தைக்குப் பின்னாலும் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

வாசல் கதவைப் பூட்டிவிட்டு, அந்தப் பதிவை நான் நிறுத்திய இடத்திலிருந்து ஓடவிட்டேன். தட்டலுக்குப் பிறகு அதே ஆளின் குரல், அதே முழுப்பெயர், அதே கேள்வி. நம்பினால் நம்புங்கள். அதற்குப் பிறகு ஒரு பதில், உடைந்த சிங்களத்தில்: “இன்னவா மாத்தயா, எத்துலே இன்னவா.” இருக்கிறார் ஐயா, உள்ளே இருக்கிறார். அது என்னுடைய குரல்.

நான் அப்படிச் சொல்லவில்லை. தயாளன் உள்ளே இருந்திருந்தால் சொல்லியிருப்பேனா? சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன், அதை நினைக்க வெட்கமாக இருக்கிறது. பதிவை அன்றே அழித்தேன், பெட்டியை மருதானையில் ஒரு கடைக்குக் கொடுத்துவிட்டேன்.

தயாளன் இப்போது கனடாவில். பொங்கலுக்குப் பொங்கல் டெலிபோன் எடுப்பார், பிள்ளைகளை விசாரிப்பார், அன்று ஏன் துரத்தினேன் என்று மட்டும் கேட்டதில்லை. போன முறை நானே மனதைத் திடப்படுத்திக்கொண்டு கேட்டேன்.

“தயாளன், அண்டைக்கு ஹெட்போனில உமக்கு என்ன கேட்டது?”

“தட்டின சத்தம்தான் அண்ணை. உங்கட குரல் ஒண்டும் கேக்கேல்ல.”

அவரிடம் என் குரலைப் பற்றி நான் கேட்கவுமில்லை, ஒருநாளும் சொன்னதுமில்லை.