முப்பத்திரண்டு டிகிரியில் வெளுத்த குப்பி

அஸ்தினாபுரம் ஞானம்மாள் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். குரோம்பேட்டைப் பக்கம் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வுக்கூடத்தில் ஏழு வருடமாகத் தினக்கூலிக்குக் குப்பி கழுவினாள். அதிகம் பேசமாட்டாள், பார்த்துக்கொண்டே இருப்பாள். கழுவிய கண்ணாடியில் தண்ணீர் முத்து முத்தாக நின்றால் மறுபடியும் கழுவுவாள். ஒரே தகடாக வழிந்தால்தான் கவிழ்த்து வைப்பாள்.

1994 மே மாதம். அவளை நிரந்தரமாக்கும் கடிதம் பேராசிரியர் ராஜகோபாலன் மேசையில் கையெழுத்துக்காகக் கிடந்தது. அந்த மத்தியானம் பார்த்துத்தான் ஆராய்ச்சி மாணவர் லோகநாதன் ஒரு குப்பியோடு ஓடிவந்தார்.

"பாருங்க சார், நாலு மாச உழைப்பு! முந்தாநாள் தண்ணில கரைச்சு வச்சேன். காலைலகூட பளிங்கு மாதிரி இருந்தது. இப்ப மோர்த் தண்ணி! இந்த பாலிமர் நாற்பது டிகிரி தாண்டினாதான் கலங்கணும். இந்தம்மா சோப்பைச் சரியா அலசல."

ராஜகோபாலன் பேனாவை மூடினார். "என்ன ஞானம்மா?"

மூடிய பேனாவையே பார்த்தாள். இன்று வாய் திறக்காவிட்டால் வேலை போய்விடும்.

"சோப்பு இல்ல சார். நேத்து இவரு சாப்பிடப் போனப்பவும் வெளுத்துச்சு. கரண்ட் போயி ரூமு கொதிச்சா வெளுக்குது. காலைல வந்து பாத்தா தெளிஞ்சு கீது."

"ஓகோ, நீங்க எப்ப டாக்டர் பட்டம் வாங்கினீங்க?" என்றார் லோகநாதன்.

அவள் குடிக்க வைத்திருந்த மண்பானையின் குளிர்ந்த தண்ணீரை ஒரு கிண்ணத்தில் ஊற்றி, குப்பியை அதில் நிறுத்தினாள். மூவரும் குனிந்து பார்த்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. பிறகு வெண்மை மெல்லக் கரைந்து, குப்பிக்குப் பின்னாலிருந்த சுவர் தெரிந்தது. வெளியே எடுத்து இரு கைகளாலும் பொத்தினாள். விரலிடுக்கில் மறுபடியும் வெளுத்தது.

ராஜகோபாலன் தெர்மாமீட்டரை உள்ளே விட்டார். "முப்பத்திரண்டு. சோப்பா இருந்தா இப்படிப் போய்ப் போய் வராதுப்பா. நாற்பது வரைக்கும் தாங்கணும்னு, தண்ணியோட ஒட்டுற கிளைகளை இந்த பாலிமர் சங்கிலில ஒட்டவச்சேன்னு சொன்னியே, ஒண்ணுகூட ஒட்டல. வெறும் தண்டுதான் நிக்குது, அது முப்பத்திரண்டுலயே கலங்கிடும்."

லோகநாதன் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். பேனா திறக்கும் சத்தம் கேட்டது.

லோகநாதன் எழுந்து ஞானம்மாளிடம் வந்து, "பத்துக் குப்பி வேணும் அக்கா. முதல்லேர்ந்து செய்யணும்" என்றார்.

அவள் கழுவிக் கொடுத்த முதல் குப்பியை அவர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். முத்து ஒன்றும் நிற்கவில்லை.